தோலா, பஞ்சா

மார்ச் 9, ஞாயிறு

டீமில் இருக்கிற ஒவ்வொருத்தியும் டைரி எழுத வேண்டும் என்று ஜெபராணி அக்கா உத்தரவு போட்டிருக்கிறாள். என்ன பயிற்சி செய்தோம், எங்கே சொதப்பினோம் என்று அன்றன்றைக்கு எழுதினால்தான் ஆட்டம் தேறுமாம். யுனிவர்சிட்டி வரைக்கும் ஆடியவள், இப்போது தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்கள் பள்ளிக்கூடத் தெரு பெண்கள் ஹாக்கி அணியின் கேப்டன். டைரியைப் பிரித்துப் பார்க்கமாட்டேன் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. அதனால் பார்த்துத்தான் எழுதுவேன்.

பேச்சியம்மாள் ஆகிய நான் இந்த அணியின் கோல் கீப்பர். வயது இருபத்திரண்டு. பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடையில் வேலை. கோவில்பட்டியில் பிறந்துவிட்டு ஹாக்கி ஆடாமல் இருப்பதுதான் கஷ்டம். ஆனால் ஆடுவது பெண் என்றால் ஊரே டாக்டராகிவிடும். இடுப்பு போயிரும், காலு கோணிரும், மூஞ்சி கெட்டுரும் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம்.

பங்குனிப் பொங்கலுக்குக் காளியம்மன் கோயில் கமிட்டி தெரு ஹாக்கி நடத்துகிறது. பெண்கள் பிரிவில் நாங்களும் சங்குத் தெருவும் மட்டும்தான். அதனால் எங்களுக்கு முதல் மேட்சே ஃபைனல். வருகிற முப்பதாம் தேதி. போன வருடம் சங்குத் தெரு தங்கபுஷ்பம் அடித்த பந்து என் வாயில் பட்டு முன்பல் இரண்டு போயிற்று. பெரிய விஷயம் இல்லை. பல் செட் மாட்டியாயிற்று, பார்த்தால் தெரியாது. கமிட்டிக்காரர்கள்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு இந்த வருடம் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். கீப்பர் தலையிலிருந்து கால் வரைக்கும் எல்லாம் மாட்டியிருந்தால்தான் பெண்கள் மேட்ச், இல்லையென்றால் கோலப்போட்டி.

கோலப்போட்டியாம். எங்கள் டீமில் என்னைத் தவிர ஒருத்தியும் கோலில் நிற்கத் தயாராக இல்லை. ஆக, நான் எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றால் மேட்ச் உண்டு, நிற்காவிட்டால் இல்லை.

மார்ச் 10, திங்கள்

ஜெபராணி அக்கா வீட்டுப் பரணிலிருந்து பழைய மூட்டையை இறக்கினோம். ஆண்கள் கிளப்பில் வேண்டாம் என்று கழித்துக் கொடுத்த சாமான்கள். தோல் வைத்துத் தைத்த கால் பேட் இரண்டு. கனமென்றால் அப்படியொரு கனம். கட்டிப் பார்த்தேன், தொடை வரைக்கும் வந்து குனிய விடவில்லை. பந்தல்காலைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல நடந்தேன். ஹெல்மெட்டைப் போட்டுத் தலையைத் திருப்பினால் என் தலை மட்டும் திரும்புகிறது, அது திரும்பவில்லை. உள்ளே எத்தனையோ ஆண்களின் வேர்வை நாற்றம்.

"இதுக்குப் பந்தே தேவலைக்கா" என்றேன்.

"அப்ப புதுசு வாங்கு" என்றாள்.

மார்ச் 12, புதன்

சம்பளம் வந்தது, கடைக்குப் போனேன். எவ்வளவு ஆயிற்று என்று இங்கே எழுதுவதாக இல்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி என்ன உசரம் இருப்பாப்ல?" என்று கேட்டார்.

"தம்பிக்கு இல்லண்ணே. எனக்கு."

"லேடீஸுக்குன்னு தனியா வாரதில்லையேம்மா. சின்னப் பையங்க சைஸு இருக்கு, பாக்கறீங்களா?"

பார்த்தேன். சின்னப் பையன்களுக்கான நெஞ்சுக் கவசம் பலகை மாதிரி இருந்தது. பெண்களுக்கு அந்த இடத்தில் பலகை இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது. பெரியவர்களுக்கானது தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. விடவில்லை. ஏணி போட்டு மேல் தட்டில் இருந்ததையெல்லாம் இறக்க வைத்தேன். கடைசியில் பக்கவாட்டில் பட்டை வைத்து இழுத்துக் கட்டுகிற மாதிரி ஒன்று அகப்பட்டது. கால் பேடும், பாதத்துக்கு மாட்டும் கிக்கரும் பஞ்சு மாதிரி ரப்பர் நுரையில் செய்தது. தோல் பேடில் பந்து பட்டால் செத்துக் காலடியில் விழும், எதிராளி வந்து அள்ளிப் போட்டுவிடுவாள். நுரையில் பட்டால் தெறித்துத் தூரம் போகும். எனக்குத் தெறிக்கிறதுதான் வேண்டும்.

ஹெல்மெட்டில் முகத்துக்கு நேரே கம்பி வலை. கம்பி நெருக்கமாக இருக்கிறதாகப் பார்த்து எடுத்தேன். போட்டுக்கொண்டு, "எறிங்கண்ணே" என்றேன்.

"எதம்மா?"

"பந்தத்தான். மூஞ்சியப் பாத்து எறிங்க."

விபூதி கொடுப்பதுபோல ஒரு ரப்பர் பந்தை மெதுவாகப் போட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நெருக்கக் கம்பி எதற்கு, பந்து தெரியாதே, அகலக் கம்பிதான் எல்லாரும் வாங்குவார்கள் என்று அவர் எவ்வளவோ சொன்னார். நெருக்கமாக இருந்தால் வெளியே இருப்பவர்களுக்கு முகம் தெரியாது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, அவருக்கென்ன.

மார்ச் 13, வியாழன்

வாய்க்குள் வைக்கிற ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்தால் நம் பல் அச்சில் நின்றுவிடும். செட்டோடு கடித்தேன். டீ போடுகிற சட்டியில் வெந்நீர் வைத்ததற்கு அம்மா என்னை வைதது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

முழுச் சாமானோடு முதல் பயிற்சி. வேகத்தடை இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் மைதானம். வண்டி வந்தால் "வண்டி" என்று கத்திவிட்டு ஓரம் போக வேண்டும், போனதும் விட்ட இடத்திலிருந்து ஆட வேண்டும். தண்ணி லாரி வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். இன்றைக்கு லாரி வரவில்லை.

பேட் அருமை. நெஞ்சில் பட்டது தெரியவே இல்லை. ஆனால் பந்து மேலே எழும்பி வரும்போது நான் கண்ணை மூடுகிறேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சாயங்கால வெயில் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான்.

"வெயிலு ஒனக்குப் பின்னாலதான இருந்துச்சு" என்றாள் ஜெபராணி அக்கா.

ஒரு பந்து ஹெல்மெட் கம்பியில் பட்ட அதிர்ச்சியில் வாய்க்குள் ரப்பரும் செட்டும் சேர்ந்து கழன்று தொண்டைப் பக்கம் போயிற்று. இருமுகிற மாதிரி பாவனை செய்து குனிந்து சரிசெய்துகொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகச் சாம்பார். மீன்காரர் வாசலில் நின்று கூவிவிட்டுப் போயிருக்கிறார், அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். எனக்குச் செய்கிற தண்டனை இது. ஹாக்கி ஆடுகிறவளுக்கு மீன் கிடையாது போல.

மார்ச் 17, திங்கள்

தலைவலி. பயிற்சிக்குப் போகவில்லை.

மார்ச் 19, புதன்

திருப்பூரிலிருந்து சண்முகக்கனி அத்தை போன். அப்பாவின் அக்கா. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் நாற்பது பேரை மேய்க்கிறவர், ஆனால் அத்தை குரலைக் கேட்டால் எழுந்து நின்றுதான் பேசுவார். பனியன் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிற மாப்பிள்ளையாம். வருகிற ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு, முப்பதாம் தேதி, அத்தை வீட்டுக்கே பெண் பார்க்க வருகிறார்களாம். வெள்ளிக்கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டுமாம்.

"முப்பதாம் தேதி எனக்கு மேட்சு" என்றேன்.

அப்பா போனை என்னிடம் கொடுத்தார். "மேட்சா? ஏட்டி, பல்லு போனது பத்தாதா ஒனக்கு?" என்றாள் அத்தை. "இங்க பாரு. பல்லப் பத்தி அவுகட்ட வாயத் தெறக்கக் கூடாது. சிரிச்சாலும் ஒதட்ட மூடிட்டுச் சிரி."

அதை நான் ஒரு வருடமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறேன், அத்தை சொல்லித்தர வேண்டியதில்லை. போனை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"ரெண்டு நாளுதான தாயி. போய்ட்டு வந்துருவோம்" என்றார் அப்பா. அவருக்கு நான் போக வேண்டும் என்றும் இல்லை, போகக் கூடாது என்றும் இல்லை. வீட்டில் சத்தம் வராமல் இருந்தால் சரி. நான் போகமாட்டேன் என்று கத்தினேன். சாப்பிடமாட்டேன் என்றும் கத்தினேன், அதை மட்டும் அம்மா காதில் வாங்கித் தட்டை எடுத்து வைத்துவிட்டாள்.

அம்மாதான் எனக்குப் புரியவில்லை. ஹாக்கியை நிறுத்து என்று தினமும் பாட்டுப் பாடுகிறவள், இன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். நான் கத்தி ஓய்ந்தபிறகு, கொடியில் காயப்போட்டிருந்த கிக்கரைப் பார்த்து, "அந்தக் காலுல கட்டுறது தோலா, பஞ்சா?" என்று கேட்டாள்.

இங்கே என் தலை போகிறது, இவளுக்குத் துவைக்கிற கவலை.

மார்ச் 21, வெள்ளி

ஜெபராணி அக்கா டியூட்டி முடிந்து நேராக வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நிறுத்தி, "வாயத் தொற" என்றாள்.

"எதுக்கு?"

"அன்னைக்கு நீ இருமுனப்ப நான் பாத்தேன். பல்லு செட்டோட நிக்கியா நீ? அது கழண்டு மூச்சுக்குழாயில போய் அடைச்சுதுன்னா, நான் நர்ஸுன்னு பக்கத்துல நின்னு என்ன செய்ய? செட்டக் கழட்டி வச்சிட்டு, வெறும் வாயில ரப்பரக் கடிச்சு அச்செடு. இல்லாட்டி நீ கோலுல நிக்க வேண்டாம். கோலம் போடுதவ போடட்டும்."

"ஹெல்மெட்டு இருக்குல்லக்கா."

"ஹெல்மெட்டுக்கு உள்ளயும் வாயி இருக்குல்ல."

ரப்பர் கம்பெனி சரியில்லை, வேறு வாங்குகிறேன், அது வந்ததும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போகும்போது, "தெருவே ஒன்னப் பத்தாப்புப் படிக்கையில இருந்து பாக்குது பேச்சி. யாருக்கு மறைக்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் எதையும் மறைக்கவில்லை. எனக்கு வெட்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அக்கா, நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால் மூடிவை.

மார்ச் 23, ஞாயிறு

அத்தை வந்து இறங்கிவிட்டாள். என்னை நம்பாமல் நேரில் கூட்டிப்போக வந்திருக்கிறாள். கையில் ஒரு பட்டுச்சேலை, முகத்துக்குப் பூசுகிற கிரீம், வெள்ளிக்கிழமைக்கு எடுத்த பஸ் டிக்கெட். ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "இது என்னதுட்டி, காக்கா கூண்டு மாதிரி" என்றாள்.

இன்றைக்கும் மீன் இல்லை. அத்தைக்கே முகம் வாடிவிட்டது. "ஏ வேலம்மா, விருந்தாளி வந்திருக்கேன், ஒரு கருவாடாச்சும் பொரிக்கக் கூடாதா?"

"வெள்ளையடிச்சு வச்சிருக்கேன் மதினி. கவிச்சி வேண்டாம்" என்றாள் அம்மா.

அதுவும் உண்மை. நேற்று முழுக்கச் சமையலறைக்கு வெள்ளையடித்தாள். பாயைக்கூட அலசிப் போட்டிருக்கிறாள். என் கட்டில் மெத்தையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டாள், மூட்டைப்பூச்சியாம். நான் ஒரு பூச்சியையும் பார்க்கவில்லை. அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. என் கல்யாணத்துக்கு இவ்வளவு ஆவலாக வீட்டை ஒழுங்குபடுத்துகிறாள் என்று நினைக்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 25, செவ்வாய்

விடியும் முன்னே அம்மா என்னை எழுப்பித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் சேலை ஒன்றைக் கொடுத்து உடுத்தச் சொன்னாள். கோயிலில் இன்றைக்குக் காப்புக் கட்டு, திருவிழா ஆரம்பம், சாமி கும்பிட்டுவிட்டு வருவோம் என்றாள். அத்தை, "நல்லது, கும்பிட்டுட்டே கெளம்பலாம்" என்று கூட வந்தாள். அப்பாவும் வந்தார்.

தீச்சட்டி எடுக்கிறவர்களும் முளைப்பாரி போடுகிறவர்களும் வரிசையில் நின்று பூசாரியிடம் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை அந்த வரிசையில் நிறுத்தினாள். சும்மா வேடிக்கைக்குத்தான் என்று நினைத்தேன். பூசாரி எங்கள் முன்னே வந்து, மஞ்சள் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருக்கு?" என்று கேட்டபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"போன பங்குனியில எம் மக வாயில ரத்தமா கொட்டுச்சு. அன்னைக்கே நேந்துக்கிட்டேன் சாமி, அடுத்த வருசம் அவ சட்டி எடுப்பான்னு."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே" என்றார் அப்பா.

"இப்பச் சொல்லுதேன்."

அத்தை அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். "வேலம்மா, என்ன செய்யுத நீ? காப்புக் கட்டுனா ஊரு எல்லையத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கெழம இவ பஸ் ஏறணும்."

அம்மா அத்தைப் பக்கம் திரும்பவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. வராத மீன், அலசின பாய், சுருட்டிய மெத்தை எல்லாம். காப்புக் கட்டுகிற வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே விரதம் பிடித்திருக்கிறாள், நான் தண்டனை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பூசாரி திரும்பவும், "யாருக்கும்மா?" என்றார். என் கையை அம்மா பிடித்து நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. நானேதான் இடது கையை நீட்டினேன்.

அவர் முடிச்சுப் போட்டதும் அம்மா கேட்டாள்: "சாமி, காப்போட காலுல செருப்புப் போடக் கூடாது. வெளையாட்டுக்கு ஒண்ணு கட்டணும். கட்டலாமா?"

"தோலா, பஞ்சா?" என்றார் பூசாரி.

"பஞ்சு."

"தோலுதான் ஆகாது."

அத்தை விடவில்லை. "காப்புக் கட்டுனவ மெத்தையில படுக்கக் கூடாதுல்ல? அதுவும் பஞ்சுதான?"

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "படுக்கத்தான் கூடாது. காலுல கட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "கட்டியாச்சுன்னா கட்டியாச்சுக்கா. இனி எல்லை தாண்ட முடியாது." அத்தையிடம் அவர் உட்கார்ந்துகொண்டு பேசி இன்றைக்குத்தான் பார்த்தேன். கோயில் படியில் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும் வழியில் அம்மாவிடம், "நெசமாவே நேந்துக்கிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"என்னையப் பத்தாப்புப் பரீட்சைக்கு முந்துன வாரம்தான் மாப்பிள்ளை பாக்கக் கூட்டிட்டுப் போனாக" என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

மார்ச் 27, வியாழன்

அத்தை தோற்கிற ஆள் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரை இங்கேயே வரச் சொல்லிவிட்டாள். பொங்கல் முடிந்து, காப்பு அவிழ்க்கிற புதன்கிழமை சாயங்காலம் வருகிறார்கள். அதுவரைக்கும் இங்கேதான் இருப்பாளாம், சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டு.

வீட்டில் யாரும் இல்லாதபோது ரப்பரைத் திரும்ப வெந்நீரில் போட்டேன். இந்தத் தடவை செட் இல்லாமல். கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் கடித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஜெபராணி அக்கா படித்தாலும் படிக்கட்டும், இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன்.

தெரு முழுக்க ஜனம். மாடியில், சுற்றுச்சுவரில், நிறுத்தியிருந்த மினிலாரி மேலே எல்லாம் ஆள். நான் வீட்டுக்குள்ளேயே எல்லாம் மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டோடுதான் வெளியே வந்தேன். செட் வாயில்தான் இருந்தது, ரப்பர் இடுப்பில். ஆட்டம் ஆரம்பிக்கிற நேரம் யாருக்கும் தெரியாமல் திரும்பி நின்று மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டம்.

கமிட்டி முருகையா மாமா மைக்கோடு நேராக என்னிடம் வந்தார். நிபந்தனை போட்டவர்கள் சோதிக்காமல் விடுவார்களா. "கால் பேடு இருக்கு. கிக்கர் இருக்கு. நெஞ்சுக்கு இருக்கு. கழுத்துக்கு இருக்கு. கை ரெண்டும் இருக்கு. வாய்க்கு? வாய்க்கு எங்க தாயி?" என்று மைக்கிலேயே கேட்டார். தெருவே என்னைப் பார்த்தது.

ரப்பரை எடுத்துக் காட்டினேன்.

"போட்டுக் காட்டு."

எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று எழுதலாம், ஆனால் இருந்தது. போன வருடம் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோது, இதே தெருவில் ரத்தத்துக்கு நடுவில் இரண்டு பல்லைத் தேடினார்கள். அப்போதிருந்து கடையிலும் பஸ்ஸிலும் வீட்டிலும் ஒரு நாளும் வாயைத் திறந்து சிரித்ததில்லை. செட் மாட்டியதிலிருந்து அது இல்லாமல் என் முகத்தை அம்மாகூடப் பார்த்ததில்லை. ஒன்று உள்ளே ஓடிவிட வேண்டும், இல்லையென்றால் கழற்ற வேண்டும். மினிலாரி மேலிருந்து எவனோ, "பொம்பளைங்க கோலம் போடுங்க" என்றான்.

அவன் வாய்க்குத்தான் கழற்றினேன். ஹெல்மெட்டைத் தூக்கிக் கீழே வைத்தேன். செட்டை எடுத்தேன். எச்சிலோடு, ஓரமாக நின்றிருந்த அம்மாவிடம் நீட்டினேன். அம்மா முந்தானையில் வாங்கி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மினிலாரிப் பக்கம் திரும்பி, பல் இல்லாத வாயை நன்றாகத் திறந்து, அவனைப் பார்த்து இளித்தேன். அதற்கப்புறம் ரப்பரைப் போட்டுக்கொண்டேன்.

சங்குத் தெரு டீமிலிருந்து தங்கபுஷ்பம் நடந்து வந்தாள். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு கிண்டுகிற கை, அதனால்தான் அவள் அடிக்கு அப்படியொரு வலு. போன வருடம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். இப்போது என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"பேச்சி, நான் வேணும்னு..."

ரப்பரைத் துப்பிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அழாத. ஒழுங்கா அடி. எம்மேல பாவம் பாத்து மெதுவா அடிச்சேன்னு வையி, ஒம் பல்லு இருக்காது."

அவள் பாவம் பார்க்கவில்லை. முதல் பாதியிலேயே ஒன்றைப் போட்டுவிட்டாள், என் கால்களுக்கு நடுவில். எங்களுக்கு ஜெபராணி அக்கா ஒன்று போட்டாள். அதற்கிடையில் இரண்டு தடவை "வண்டி", ஒரு தடவை நாய். முடிகிற நேரத்தில் எங்கள் பெண் ஒருத்தி கோல் வாயில் பந்தைக் காலால் மறித்துத் தொலைத்தாள். விசில் அடித்து பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் பந்துக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. அடிக்க வந்தது தங்கபுஷ்பம்.

நெருக்கக் கம்பி வழியாக அவள் கை பாதிதான் தெரிந்தது. கடைக்காரர் சொன்னது சரிதான், அகலக் கம்பி வாங்கியிருக்க வேண்டும். முகத்தை மறைக்க வாங்கிய கம்பி பந்தையும் மறைக்கிறது. வேறு வழியில்லை, கண்ணை முடிந்தமட்டும் அகட்டித் திறந்து வைத்துக்கொண்டேன். அவள் மணிக்கட்டைத் திருப்பியதைப் பார்த்தேன். பந்து தரையை விட்டதைப் பார்த்தேன். என் இடது தோளுக்கு நேரே வருவதைப் பார்த்தேன். போன வருடம் இதில் எதையும் நான் பார்க்கவில்லை. இடது கையைத் தூக்கினேன். கைப் பேடில் பட்டது, உள்ளே காப்பு நூல் மணிக்கட்டில் அழுந்தியது, பந்து தெறித்து மினிலாரி வரைக்கும் போயிற்று.

ஒன்றுக்கு ஒன்று, சமம். இன்னும் ஆட வைத்து முடிவு செய்யலாம் என்று கமிட்டி பேசிக்கொண்டிருக்கும்போது தண்ணி லாரி வந்துவிட்டது. பரிசாக வைத்திருந்த குத்துவிளக்கு ஆளுக்கு ஆறு மாதம். முதல் ஆறு மாதம் யாருக்கு என்று ஜெபராணி அக்கா இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 31, திங்கள்

கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களைவிட மேட்சைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் அதிகம். சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறது. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சட்டி எடுத்தேன். சுடவில்லை. அம்மா வழியெல்லாம் வேப்பிலையோடு பக்கத்திலேயே வந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் காப்பை அவிழ்த்துக் கிணற்றில் போட்டாயிற்று. கை வெறுங்கையாகிவிட்டது. மத்தியானத்திலிருந்தே அத்தை என்னை அலங்கரிக்க ஆரம்பித்தாள். பட்டுச்சேலை, கிரீம், பூ. நடுநடுவே பாடம் வேறு. ஹாக்கி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில். சிரிக்கக் கூடாது. "இனி எல்லைய வச்சுத் தப்பிக்க முடியாது, பாத்துக்கோ" என்றாள்.

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். காபித் தட்டை எடுக்க அடுக்களைக்குப் போனேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, செட்டை எடுத்துக் கழுவி என் முன்னால் நீட்டினாள்.

"இந்தா. போட்டாப் போடு, போடாட்டிப் போ."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கொடுத்தது. அதற்குப் பிறகு கடைக்குப் போனேன், ஊரெல்லாம் சட்டி தூக்கினேன், எத்தனை பேரிடம் பேசிச் சிரித்தேன். அதை நான் கேட்கவே இல்லை. அம்மாவும் நினைவுபடுத்தவில்லை.

வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுக் காபியைக் கொண்டுபோனேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுத் தன் போனைப் பார்த்தார். அவருடைய அம்மா நல்ல மாதிரி, பயந்த முகம். காபியை வாங்கிக்கொண்டு, "பல்லு என்னம்மா ஆச்சு?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"சின்னதுல கீழ விழுந்துட்டா" என்று அத்தை முந்திக்கொண்டாள். "செட்டு இருக்கு, போட்டா ஒண்ணுமே தெரியாது. ஏட்டி, போட்டுட்டு வா."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். அம்மா அடுக்களை நிலையில் வந்து நின்றாள். இந்தத் தடவை கேட்கப் பூசாரி இல்லை, கையில் நூல் இல்லை, எனக்காக யாரும் எதையும் நேர்ந்துகொள்ளவும் இல்லை.

"கீழ விழல அத்த" என்றேன். மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "ஹாக்கிப் பந்து பட்டுச்சு. நான் கீப்பர். போன வருசம் பந்து வாரதப் பாத்துப் பயந்து கண்ண மூடிட்டேன், அதான் பட்டுச்சு. இந்த வருசம் மூடல."

அந்த அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணத்துக்கப்புறம் வெளையாடமாட்டேல்ல?" என்று கேட்டார்.

அத்தை வாயைத் திறந்தாள். நான் அவளைவிட நன்றாகத் திறந்தேன்.

"அடுத்த பங்குனிக்கும் நான்தான் நிப்பேன். வேற ஹெல்மெட்டு வாங்கணும், அகலக் கம்பி வச்சது."

தகவல் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அவர்களை வழியனுப்ப அப்பா தெருமுனை வரைக்கும் போனார். அத்தை பையை எடுத்துக்கொண்டு, ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்புகிறேன் என்று நின்றாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க மதினி" என்றாள் அம்மா. "மீன் வாங்கியிருக்கேன்."